மோதிரவிரலில் முளைத்த பிரண்டை

ஐப்பசி அடைமழை மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்து, நாலாம் நாள் காலையில் வெயில் லேசாக எட்டிப் பார்த்த நேரத்தில், மேலத்துறை ஆற்றுத்தெருவில் ஆவுடையப்பன் பெண்டாட்டி பிரம்மசக்தியின் வலதுகை மோதிரவிரலில், நடுக்கணுவில், ஒரு பிரண்டைக் கொழுந்து முளைத்திருந்தது. விரற்கடை நீளந்தான் இருக்கும். நாலு பட்டையும் நல்ல பச்சை, நுனி மட்டும் பச்சைப்பிள்ளையின் உள்ளங்கால் மாதிரி சிவப்பு, பக்கவாட்டில் சுருண்டுகொண்டு ஒரு பற்றுக்கம்பி. ரத்தம் இல்லை, புண் இல்லை. பிரமு அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்தாள், பிறகு மறுபடியும் அதைப் பார்த்தாள். கனவா நிஜமா என்று கிள்ளிப் பார்க்கவில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் அவள் விரல்களால் எதையும் கிள்ள முடியாது என்பது அதற்கு ஒரு காரணம்.

இரண்டு வருஷமாக அப்படித்தான். விடிகிறபோது பத்து விரலையும் யாரோ நனைந்த கயிற்றால் கட்டிப் போட்டதுபோல் இருக்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொரு கட்டாக அவிழும். பாளையங்கோட்டையில் டாக்டரம்மா படம் போட்டு விளக்கியிருந்தாள்: வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்கவேண்டிய காவல், சொந்த மூட்டுகளையே யாரோ அந்நியன் என்று நினைத்து அடிக்கிறது, அதைத் தணிக்க வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை சனிக்கிழமை, ஆறு மஞ்சள் மாத்திரை. பிரமு கேட்டுக்கொண்டாள். காவலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் விளாத்திகுளத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்து ஒன்பது வருஷமாகியும் மேலத்துறையில் அவள் பெயர் "விளாத்திகுளத்தா" என்பதுதான்.

குற்றாலம் அண்ணாச்சியின் அப்பளக் கொட்டகையில் அவளுக்கு வேலை. ஒரு காலத்தில் அவள் தேய்த்த அப்பளத்தைக் கையில் வைத்தால் உள்ளங்கை ரேகை தெரியும் என்பார்கள். விரல் மடங்க மாட்டேன் என்றதிலிருந்து, தேய்த்ததைப் பாயில் பரப்புவதும் திருப்புவதும் எடுப்பதுமாக அவளை முற்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே யாரும் அவளோடு பேசுவதில்லை, பேச்செல்லாம் உள்ளே பலகையைச் சுற்றித்தான்.

அப்பளம் போடுகிற ஊரில் பிரண்டையைப் பார்த்து யாரும் மலைப்பதில்லை. உளுந்தமாவில் உப்பும் அப்பளக்காரமும் போட்டு, பிரண்டையை இடித்துப் பிழிந்த சாற்றை விட்டு, உலக்கையால் குத்திக் குத்திப் பிசைந்தால்தான் அப்பளம் எண்ணெயில் பூவாக விரியும். ரயில்பாதை வேலியிலிருந்து பிரண்டை பறித்து வருகிற ஆள் அன்று மழையால் வரவில்லை. மாவோ பாதி பிசைந்தபடி உரலில் கிடக்கிறது. கொட்டகைக்கு மூத்தவள் சண்முகவடிவு, எல்லோருக்கும் வடிவு மதினி, ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போய்ப் பதினோரு வருஷம், எழுந்தால் உட்கார முடியாது உட்கார்ந்தால் எழ முடியாது என்று இருப்பவள், வாசலில் நின்ற பிரமுவின் முந்தானைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தாள். அதற்குள் அது ஒரு சாண் வளர்ந்திருந்தது.

"இளசா இருக்கே. ஒடிச்சா வலிக்குமாட்டி?"

"மூட்டுதான் மதினி வலிக்கி. கொடி வலிக்கல."

வடிவு மதினி புளித்தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, அரிப்பு ஏறாதபடி பதமாகக் கணுவில் ஒடித்தாள். அந்தச் சாற்றை விட்டுப் பிசைந்த மாவில் அப்பளம் விரிந்தது. மத்தியானத்துக்குள் ஒடித்த இடத்தில் மறுபடி இரண்டு சாண். மீந்ததை மதினி வீட்டுக்கு எடுத்துப்போய், நெய்யில் வதக்கி, வத்தலும் புளியும் வைத்துத் துவையல் அரைத்துத் தின்றுவிட்டுப் படுத்தாள். மறுநாள் விடியலில் ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்கள், பதினோரு வருஷமாகப் படித்துறைப் பக்கமே வராத வடிவு மதினி முப்பத்தெட்டுப் படியும் இறங்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தலையை முங்கி முங்கி எடுப்பதைக் கண்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தில்தான் பிரமுவுக்கு ஆச்சரியம். கொட்டகையில் அப்பளம் தேய்க்கிற மரியபுஷ்பத்தின் அப்பா நாலு வருஷமாகக் கட்டிலில் கிடந்தவர், துவையல் தின்ற மூன்றாம் நாள் தெருமுனை டீக்கடையில் போய் நின்று சீனி கம்மியா ஒரு டீ என்றார். ரேஷன் கடைக்காரர் வந்தார், பஸ் டிரைவர் வந்தார், இடுப்பு பிடித்த தபால்காரி சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்தாள். திதிச் சமையலுக்குப் பிரண்டை வேண்டி அக்கிரகாரத்திலிருந்து ஆள் வந்தபோது மட்டும், உயிரோடிருக்கிற பொம்பளையின் விரலில் முளைத்தது பித்ருக்களுக்கு ஆகுமா என்று அரைநாள் வாக்குவாதம் நடந்தது. ஈயின் வாயிலிருந்து வந்த தேன் சாமிக்கே ஆகிறதே என்று சமையல்காரர் கேட்டபிறகு ஆகும் என்று முடிவாயிற்று. சுகாதார ஆய்வாளர் பைக்கில் வந்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோட்டில் தோல் சம்பந்தமானவை என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி எழுதிக்கொண்டு, மாமியாருக்கென்று இரண்டு கணுவைச் செய்தித்தாளில் மடித்து வாங்கிப் போனார்.

ஒழுங்குகள் தாமாக உண்டாயின. தினமும் ஏழு மணிக்குக் கொட்டகைப் பெண்கள்தான் ஒடிப்பது, நுனியிலிருந்து மூன்று கணுவுக்கு மேல் தொடுவதில்லை, ஒடிக்குமுன் பிரமு வீட்டு வாசலில் புளித்தண்ணீர்ச் சட்டியில் கை நனைப்பது. பச்சையாக, அன்றன்றைக்கு ஒடித்தது. அப்பள மாவுக்குச் சாறுள்ள பச்சைப் பிரண்டைதான் வேண்டும் என்று தலைமுறையாகப் பழகிய கைகள், வேறு விதமாக நினைக்கவே இல்லை.

பிரமுவைப் பிரமு என்று கூப்பிட்டார்கள். உள்ளே பலகைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மணை போட்டார்கள், வேலை செய்ய அல்ல, உட்கார. ஒருத்தி முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்தாள், ஒருத்தி இஞ்சியும் மஞ்சளும் தட்டிப் போட்ட கஷாயம், ஒருத்தி முடக்கத்தான் தோசை. கத்தரிக்காய் ஆகாது என்றாள் ஒருத்தி, கருவாடு ஆகாது என்றாள் இன்னொருத்தி, தயிர் ஆகும் ஆகாது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். துணி துவைக்க விடவில்லை, தண்ணீர் தூக்க விடவில்லை. ஒன்பது வருஷத்தில் இல்லாத பிரியம் அது, அவள் அதில் நனைந்து கிடந்தாள். எப்போதாவது ஒருமுறை, எதிர்வீட்டில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்து வைப்பதைப் பார்க்கிறபோது, கையிலிருந்த கஷாயத்தைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக் குடித்தாள்.

ஒன்றே ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆவுடையப்பனைத் தவிர. தன் விரலில் முளைத்ததைத் தானும் துவையல் அரைத்து ஒரு வாய் தின்று பார்த்திருந்தாள். நாக்கு தடித்தது, தொண்டை அடைத்தது, உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பி ஒருநாள் பூராவும் மூச்சுக்குத் திணறினாள். ஊருக்கெல்லாம் மருந்தாக இருந்தது அவள் உடம்புக்கு மட்டும் அந்நியம். ஆவுடையப்பன் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஆட்டோ ஓட்டி ஓட்டி ஒடிந்துபோயிருந்த அவன் முதுகும் அந்த வாரத்தில்தான் நேராகியிருந்தது.

சனிக்கிழமை அவள் மாத்திரை போட்டால் ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வாடும், திங்கட்கிழமை கணுக்கணுவாக மஞ்சளித்து உதிரும், புதன்கிழமைதான் மறுபடி துளிர்க்கும். மூன்றாவது வாரத்தில் பெண்கள் இதைக் கண்டுகொண்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் வாசலில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறபோது, பரவாயில்லை பிரமு, உன் உடம்பைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பரவாயில்லை ஒவ்வொன்றும் அவள் மடியில் ஒரு கல்லாக விழுந்தது. கடைசியில் வடிவு மதினிதான், பிரமுவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே, காற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஒரே ஒரு வாரம் தள்ளிப்போட்டா என்னட்டி ஆயிரும்?"

பிரமு அந்தச் சனிக்கிழமை மாத்திரை அட்டையை ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தாள். ஆவுடையப்பன் அந்தப் பக்கமாகப் போனவன் பாட்டிலை எடுத்தான், மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான், வைத்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு வாரம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. கொடி பெருகியது. மோதிரவிரலிலிருந்து ஒருபக்கம் நடுவிரலுக்கும், மறுபக்கம் சுண்டுவிரலுக்கும் பரவி, உட்கார்ந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்தது, நடந்தால் ஈரத்துண்டைப்போல் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஊரில் விந்தி நடக்கிறவர் ஒருவர்கூட இல்லை என்று சொல்லும்படி ஆயிற்று. கொடிக்குக் கீழே, தழைக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், பிரமுவின் விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் பத்து மணிக்கு அவிழ்ந்த கட்டு இப்போது பன்னிரண்டுக்கும் அவிழவில்லை, பிறகு சாயங்காலத்துக்கும் அவிழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் எட்டு வயது மகள் சுபிக்ஷாவுக்கு அவளால் சடை பின்ன முடியவில்லை. பக்கத்து வீடுகளில் பின்னிவிட்டார்கள், முறைபோட்டு, ஆசையாக. தினமும் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு மகள் வேறு வீட்டுப் படியேறுவதை பிரமு ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள், எல்லோரும் விளக்குகளை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்திருந்தார்கள். ஆறு மண்நிறத்தில் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. சாம்பலும் புளியுமாகப் பித்தளை தேய்க்கிற சத்தம், நடுவே பேச்சும் சிரிப்பும். சுபிக்ஷா கைவிளக்கை அலசக் கீழ்ப்படிக்குப் போனவள், பாசியில் கால் வைத்தாள்.

பிரமு பக்கத்துப் படியில்தான் நின்றாள். கையை நீட்டினாள். நீட்டிய கை விரியவில்லை. முட்டியாக மூடியே இருந்த அந்தக் கையைப் பிள்ளை பிடித்தாள், பிடி வழுக்கியது, கொடியைப் பிடித்தாள், பிரண்டை எப்போதும் எங்கே ஒடியுமோ அங்கே, கணுவில், சத்தமே இல்லாமல் ஒடிந்தது. நாலு படிக்கு மேலே இருந்த வடிவு மதினி, ஐம்பத்தெட்டு வயதுக்காரி, நாலு படியையும் ஒரே எட்டில் தாண்டி, இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, சுழலுக்கு ஒரு முழம் முன்னால் பிள்ளையின் பின்கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

கரையில் கிடத்தித் தண்ணீரைக் கக்கவைத்தார்கள். கண் திறந்ததும் சுபிக்ஷா அழுதது மூழ்கியதற்காக அல்ல, உள்ளங்கையில் பிரண்டைச் சாறு பட்டு அரித்ததற்காக. அரிப்பு அடங்கி, அம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடக்கும்போதுதான் கேட்டாள்.

"ஏம்மா எனக்குக் கை தரல?"

"தந்தேனே தாயி."

"நீ மூடிக்கிட்டுத்தான தந்த."

அதைச் சுற்றி நின்ற எல்லோரும் கேட்டார்கள். வடிவு மதினி ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு நின்றாள், பிழிந்த தண்ணீர் அவள் பாதத்தைச் சுற்றித் தேங்கியது. அந்த முழங்கால் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. அந்தக் கை விரிந்திருந்தால் முழங்காலே வேண்டியதில்லை. இரண்டும் அவரவர் மனசில் ஓடின, விளக்குகளைப் பொறுக்கிக்கொண்டு படியேறினார்கள்.

மறுநாள் பிரமு கொடியைத் தோளில் சுருட்டிச் சால்வையால் மூடிக்கொண்டு, பாளையங்கோட்டைக்குத் தனியாக பஸ் ஏறினாள். டாக்டரம்மா கொடியைக் கண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஊரில் யாரும் இத்தனை நாளாக அந்த விரல்களைப் பார்த்ததில்லை என்பது பிரமுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ரத்தம் எடுத்து, அறிக்கை வந்து, அதைப் படித்து முடித்தபிறகு டாக்டரம்மா திட்டவில்லை. கீரை சாப்பிடு, பிரண்டை சாப்பிடு, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதை எல்லாம் சாப்பிடு, எனக்கும் சொல்லிவிட்டுச் சாப்பிடு, ஆனால் மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதே என்றாள். இரண்டு விரல் இனி முழுசாக நிமிருமா என்று சொல்ல முடியாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆரம்பிக்கவேண்டியது வருகிற சனிக்கிழமை.

சேதி எப்படியோ ஊருக்கு வந்துவிட்டிருந்தது. சனிக்கிழமை ஏழு மணிக்குக் கொட்டகைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் பிரமு வீட்டு வாசலில் நின்றார்கள், நடுவில் புளித்தண்ணீர்ச் சட்டி. யாரும் கை நனைக்கவில்லை. தெருவில் ஆட்டோவைத் துடைப்பதுபோல் ஆவுடையப்பன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். பிரமு இடுப்பிலிருந்து புது மாத்திரை அட்டையை உருவி எடுத்தாள்.

மரியபுஷ்பம்தான் முதலில் பேசினாள், தரையைப் பார்த்து. அப்பா கிறிஸ்துமஸுக்குக் கோயில்வரை நடந்தே போகவேண்டும் என்று தினமும் தெருவில் நடந்து பழகுகிறார், வெள்ளைவேட்டி எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் இரண்டே வாரம். 

"தெரியும் புஷ்பம்," என்றாள் பிரமு.

அட்டையைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கட்டைவிரல் வழுக்கியது. மூடிய இரண்டு கைமுட்டிகளுக்கும் நடுவில் வைத்து அமுக்கினாள், தகடு வளைந்ததே தவிரக் கிழியவில்லை. அத்தனை பேர் பார்க்க, விரல் மடங்கிய ஒருத்தி ஒரு மிளகளவு மாத்திரையை வெளியே எடுக்க முடியாமல் நின்றாள். நான் எடுக்கேம்மா என்று சுபிக்ஷா கையை நீட்டினாள். சின்னப்பிள்ளைகள் தொடக்கூடாத மருந்து தாயி என்று பிரமு அட்டையை உயரத் தூக்கிக்கொண்டாள். அப்படித் தூக்கிய கையைத் தாழ்த்தாமல், வாசலில் நின்றவர்கள் பக்கம் நீட்டினாள். கேட்கவில்லை. நீட்டினாள், அவ்வளவுதான்.

ஆற்றுச் சத்தம் கேட்டது. ஆட்டோ துடைக்கிற துணியின் சத்தம் நின்றது. கொடி ஜன்னல் கம்பியைத் தேடி மெல்ல அசைந்தது. பன்னிரண்டு பேரில் யாரும் நகரவில்லை. நகர்கிறவள் யாரோ அவள்தான் ஊரின் முழங்காலை முறித்தவள் ஆவாள். பிரமுவின் கை தாழவில்லை.

வடிவு மதினி வாசல்படி மூன்றையும் ஏறி வந்தாள். அவசரமே இல்லாமல் ஏறினாள், ஒவ்வொரு படியையும் இரண்டு காலும் வைத்து அனுபவித்து ஏறினாள். அட்டையை வாங்கினாள்.

"எத்தனைட்டி?"

"ஆறு மதினி."

டிக் என்று ஒன்று. டிக் என்று இன்னொன்று. ஆறையும் பிரமுவின் நாக்கிலேயே வைத்தாள். பின்னாலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் நீண்டது, பிடித்திருந்த கை ஆவுடையப்பனுடையது. அவன் முகத்தைப் பார்க்காமலேயே பிரமு குடித்தாள்.

அது இறங்கியதும் வடிவு மதினி திரும்பி, கொட்டகையில் வேலை ஏவுகிற அதே குரலில் ஏவினாள். நாளைக்கு வாடும், அதற்குள் அத்தனையையும் ஒடியுங்கள், நுனி மட்டுமல்ல, அடிவரைக்கும். உப்பு போட்டு மோரில் ஊறவைத்து அப்பளப் பாயில் காயப்போடுங்கள், வத்தலாகட்டும், புஷ்பத்தின் அப்பனுக்குக் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரும். கண்ணில் கண்டதையெல்லாம் வெயிலில் உலர்த்துகிற பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வாரத்தில் இது ஒருத்திக்குக்கூடத் தோன்றியிருக்கவில்லை.

மரியபுஷ்பத்தின் அப்பா கோயிலுக்கு நடந்து போனார், மார்கழி முடிகிறவரை டீக்கடைக்கும் நடந்து போனார், தையில் கம்பு ஊன்றினார். ஊர் பழையபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. சிலர் பிரமுவிடம் பேசுவதை நிறுத்தினார்கள், தபால்காரி வாசலிலிருந்தே கடிதத்தை எறிந்துவிட்டுப் போனாள். கொட்டகையில் மட்டும் மணை போட்ட இடத்தில் கிடந்தது, அவள் இப்போது அதில் உட்கார்ந்து உருண்டை நறுக்கிக் கொடுத்தாள். வடிவு மதினி தரையில் கை ஊன்றி எழும்போதெல்லாம், ஒரு மாத்திரைக்கு ஒரு முட்டி போச்சு, எனக்கு இருந்ததே ரெண்டு, மிச்ச நாலு முட்டி உனக்குக் கடன் என்று ஏசினாள். பிரமு சிரித்தாள். மோதிரவிரலும் சுண்டுவிரலும் நிமிரவே இல்லை. மற்ற எட்டு விரலால் மகளுக்குச் சடை பின்னினாள், அது எப்போதும் இடதுபக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டு போனது, சுபிக்ஷா அதை யாரும் திருத்த விடவில்லை.

அன்று அடிவரை ஒடித்ததில் ஒரு கணுவை வடிவு மதினி முந்தானையில் முடிந்துகொண்டு போய், துவைகல்லுக்குப் பக்கத்தில் ஓட்டைக் குடத்தில் ஊன்றியிருந்தாள். மாசியில் அது தழைத்தது. தின்றவர்களுக்கு எந்த அதிசயமும் நடக்கவில்லை. வெறும் பிரண்டை, பசி எடுத்தது, வயிறு லேசாயிற்று, அவ்வளவே. அதில் அரைத்த துவையலை ஒருநாள் மதினி கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஒரு நெல்லளவு எடுத்து பிரமுவின் முன்னால் நீட்டினாள். முன்பு ஒருமுறை தின்று என்ன ஆனது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தேய்க்கிற கட்டைகள் நின்றன. ஆவுடையப்பன், அண்ணாச்சியைப் பார்க்க வந்தவன்போல், ஆட்டோவை அணைக்காமலேயே வாசலில் நின்றான்.

பிரமு அதை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். நாக்கின் ஓரத்தில் அரிப்பு கிளம்பியது, பன்னிரண்டு பேரும் மூச்சை அடக்கினார்கள், அரிப்பு கொஞ்சம் ஏறியது, நின்றது, பிரண்டைக்கு உள்ள அளவு அரிப்பாக அங்கேயே இருந்தது. அவள் விழுங்கினாள், கொஞ்ச நேரம் காத்திருந்தாள், கண்ணைத் திறந்தாள்.

"புளி காணாது மதினி."